மரமில்லாத கானகம்

நான் பத்திரிகைத் துறையில் காலடி எடுத்து வைத்த எழுபதுகளில் வெளிநாட்டுச் செய்திகள் யாவும் டெலிபிரின்டர் இயந்திரத்தின் வாயிலாக ஆங்கிலத்திலேயே வந்து விழும். அந்தக் காகிதச் சுருளைக் கிழித்து உதவி ஆசிரியர்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பது செய்தி ஆசிரியரின் வேலை. பெரிய செய்திகள் மூத்தவர்களுக்குச் செல்லும். எஞ்சும் துண்டு துணுக்குகள் என்னைப் போன்ற புதியவர்களின் மேசைக்கு வரும். அவ்வாறு வந்த துணுக்குகளுள் ஒன்று, ஸ்கொட்லாந்தின் மலைநாட்டில் பிரபு ஒருவருக்குச் சொந்தமான ‘டியர் ஃபொரெஸ்ட்’ விற்பனைக்கு வந்திருப்பது பற்றியது. ‘டியர்’ என்றால் மான். ‘ஃபொரெஸ்ட்’ என்றால் காடு. இதில் என்ன மயக்கம்? ‘மான்கள் உலவும் அடர்ந்த கானகம் விற்பனைக்கு’ என்று தலைப்பிட்டு எழுதிக் கொடுத்தேன். ‘அடர்ந்த’ என்ற சொல் மூலத்தில் இல்லை. அது என்னுடைய கொடை.

ஒரு வாரம் கழித்து வாசகர் கடிதம் ஒன்று வந்தது. எழுதியவர் எடின்பரோவில் படித்து ஓய்வுபெற்ற வைத்தியர். தமது மாணவப் பருவத்தில் அந்த மலைகளில் தாம் நடந்து திரிந்ததாகவும், வெயிலுக்கு ஒதுங்கவோ மழைக்கு ஒதுங்கவோ ஒரு மரந்தானும் அங்கு இல்லை என்றும், ‘அடர்ந்த கானகத்தை’ உங்கள் உதவி ஆசிரியர் எங்கே கண்டார் என்று கேட்டுச் சொல்லுமாறும் எழுதியிருந்தார். செய்தி ஆசிரியர் கடிதத்தை என் முன்னால் வைத்தார்.

“அகராதியைப் பார்த்தீரா?”

“பார்த்தேன் ஐயா. காடு என்றுதான் போட்டிருக்கிறது.”

“அகராதியை மட்டுந்தான் பார்த்தீர் போல” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

திருத்தம் எதுவும் பிரசுரமாகவில்லை. அடுத்த நாள் பக்கத்தில் இடமில்லை. அதற்கடுத்த நாள் அது பழைய செய்தியாகிவிட்டது. ஆனால் மரமில்லாத நிலத்தை ஆங்கிலேயன் எப்படிக் காடு என்று அழைத்தான் என்ற கேள்வி மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. பின்னாளில் நூலகங்களிலும், ஓய்வுபெற்ற பிறகு இணையத்திலும் அதைத் தேடிப் போனேன். தேடல் என்னை ஸ்கொட்லாந்தில் நிறுத்தாமல் ஏழாம் நூற்றாண்டின் ஜேர்மானிய அரசர்களிடம் கொண்டுபோய் விட்டது.

முதலில் ஒரு வியப்பு. ரோமருடைய இலத்தீன் மொழியில் ‘ஃபொரெஸ்ட்’ என்ற சொல்லின் மூதாதை எதுவுமே கிடையாது. காட்டைக் குறிக்க அவர்களிடம் ‘சில்வா’ இருந்தது, ‘நேமுஸ்’ இருந்தது, ‘சல்டுஸ்’ இருந்தது, தெய்வம் உறையும் சோலைக்கு ‘லூகுஸ்’ இருந்தது. ரைன் நதிக்கு அப்பாலுள்ள பெருங்காட்டைப் பற்றி ஜூலியஸ் சீசர் எழுதியபோது அதனை ‘ஹெர்சீனியக் காடு’ என்றார். சுமையின்றி நடப்பவன் அதன் அகலத்தைக் கடக்க ஒன்பது நாட்கள் வேண்டும் என்றும், அறுபது நாட்கள் நடந்தும் அதன் மறுமுனையைக் கண்டவர் எவருமில்லை என்றும் குறித்து வைத்தார். அவர் பயன்படுத்திய சொல் ‘சில்வா’. கி.பி. 98இல் ஜேர்மானியக் குலங்களைப் பற்றி நூல் எழுதிய தசிட்டஸிடமும் ‘ஃபொரெஸ்ட்’ இல்லை.

ரோமப் பேரரசின் மேற்குப் பாதி வீழ்ந்தது. இன்றைய பிரான்ஸ், பெல்ஜியம், மேற்கு ஜேர்மனி ஆகிய நிலங்களைப் பிராங்குகள் என்ற ஜேர்மானியக் குலத்தவர் ஆளத் தொடங்கினர். அவர்கள் வீட்டிலும் களத்திலும் பேசியது தங்கள் ஜேர்மானிய மொழியை; ஆவணங்களை எழுதுவித்தது இலத்தீனில். ஏறத்தாழ 648ஆம் ஆண்டில் மூன்றாம் சிகிபேர்ட் என்ற பிராங்கிய அரசன் ஆர்டென் மலைப்பகுதியில் ஸ்டாவலோ, மால்மெடி ஆகிய இரு துறவியர் மடங்களுக்கு நிலம் வழங்கினான். அந்தச் சாசனத்தில், நிலம் அமைந்துள்ள இடம் ‘ஆர்டென் எனப்படும் நமது ஃபொரெஸ்டிஸ்’ என்ற பொருளில் சொல்லப்பட்டிருக்கிறது. சொல்லின் மிகப் பழைய தடயங்களுள் இதுவும் ஒன்று. ‘நமது’ என்ற அரசனின் உரிமைச்சொல் தொடக்கத்திலேயே அதனோடு ஒட்டிக்கொண்டு வருவதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

ஏறக்குறைய 800ஆம் ஆண்டளவில் சார்லமேன் பேரரசனின் பண்ணை நிருவாகத்துக்காக ஒரு விதிக்கோவை எழுதப்பட்டது. அதில் காடுகளைப் பற்றிய பிரிவு, நமது ‘சில்வா’க்களும் ‘ஃபொரெஸ்டிஸ்’களும் நன்கு காக்கப்பட வேண்டும் என்கிறது. வெட்டி வெளியாக்கத் தக்க இடத்தை வெட்டலாம். காடு இருக்க வேண்டிய இடத்தில் அளவு கடந்து வெட்டலாகாது. வேட்டை விலங்குகளைக் காக்க வேண்டும் என்றும் கட்டளையிடுகிறது. இரண்டும் ஒன்றென்றால் இரண்டு சொற்கள் எதற்கு? ‘சில்வா’ மரம் நிற்கும் இடம். ‘ஃபொரெஸ்டிஸ்’ அரசன் தனக்கென ஒதுக்கிய இடம். அதில் மரம் இருக்கலாம், வயல் இருக்கலாம், ஆறும் இருக்கலாம். மீன்பிடி உரிமை அரசனுக்கே உரியதாக ஒதுக்கப்பட்ட நீர்நிலைகளைக்கூட அக்காலச் சாசனங்கள் இதே சொல்லால் குறிக்கின்றன. நீரில் ‘காடு’ இருந்த காலம் அது.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பதில் அறிஞர்கள் இரண்டு பெரும் அணிகளாக நிற்கிறார்கள்.

ஓர் அணி இலத்தீனின் ‘ஃபொரிஸ்’ என்ற சொல்லைக் காட்டுகிறது. ‘வெளியே’, ‘புறத்தே’ என்று பொருள். ஆங்கிலத்தில் அந்நியரைக் குறிக்கும் ‘ஃபொரின்’ இதன் வழித்தோன்றல். ‘ஃபொரெஸ்டிஸ் சில்வா’ என்றால் புறத்தே உள்ள காடு. வேலிக்குப் புறத்தே, அல்லது பொதுப் புழக்கத்துக்குப் புறத்தே வைக்கப்பட்டது. இதனைப் படித்தபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது நமது ‘புறம்போக்கு’ என்ற சொல். வரி மதிப்பீட்டுக்குப் புறத்தே நிற்கும் நிலத்தைத் தமிழகத்தின் நிலவரி ஏடுகள் அவ்வாறு அழைத்தன. பிரித்தானிய அதிகாரிகள் அச்சொல்லை மொழிபெயர்க்க முயலாமல் தமது ஆங்கில ஏடுகளிலும் அப்படியே எழுதிவைத்தார்கள். இலத்தீனுக்கும் தமிழுக்கும் இதில் உறவேதுமில்லை. இரு நிருவாகங்களும் ஒரே விதமாகச் சிந்தித்திருக்கின்றன, அவ்வளவுதான்.

இதே அணியைச் சார்ந்த சிலர் ‘ஃபோரும்’ என்ற சொல்லைக் காட்டுவர். அது நீதிமன்றத்தைக் குறிக்கும். அரசனின் நீதி செல்லும் நிலம் என்பது அவர்களுடைய விளக்கம்.

மற்ற அணி, சொல்லே ஜேர்மானியம் என்கிறது. பழைய ஜேர்மன் மொழியில் ‘ஃபொர்ஹா’ என்றால் பைன் மரம். இன்றைய ஜேர்மனில் அது ‘ஃபோர’ என வழங்குகிறது. சுவீடன் மொழியில் ‘ஃபூரா’. ஆங்கிலத்தின் ‘ஃபிர்’ இவற்றின் உறவு. இந்த மரப்பெயரிலிருந்து ‘பைன் மரத்தொகுதி’ என்ற பொருளில் ஒரு பிராங்கியச் சொல் பிறந்து, அதனை எழுத்தர்கள் இலத்தீன் உடை உடுத்தி ‘ஃபொரெஸ்டிஸ்’ ஆக்கினார்கள் என்பது இவ்வணியின் வாதம். ஜேர்மன் மொழியின் ‘ஃபொர்ஸ்ட்’ அந்த வீட்டிலேயே தங்கிவிட்ட பிள்ளையாம்.

இந்த மரப்பெயரின் வரலாறு இன்னும் பின்னே செல்கிறது. யாக்கோப் கிரிம் என்ற ஜேர்மானிய அறிஞரை, குழந்தைகளுக்கான கதைகளைத் தம்பியோடு சேர்ந்து தொகுத்தவர் என்றே நம்மில் பலர் அறிவோம். அவர் 1822இல் ஓர் ஒலி மாற்ற விதியை வகுத்துக் காட்டினார். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே டென்மார்க்கைச் சேர்ந்த ராஸ்க் இதன் பெரும்பகுதியைக் கண்டிருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மூல மொழியின் ‘ப’கரம் ஜேர்மானிய மொழிகளில் ‘ஃப’ ஆகும். ‘க’கரம் ‘ஹ’ ஆகும். இலத்தீனின் ‘பாட்டர்’ ஆங்கிலத்தில் ‘ஃபாதர்’. இலத்தீனின் ‘பிஸ்கிஸ்’ ஆங்கிலத்தில் ‘ஃபிஷ்’. நூறைக் குறிக்கும் ‘கெண்டும்’ அங்கே ‘ஹண்ட்ரட்’. இந்த விதியைப் பிடித்துக்கொண்டு ‘ஃபொர்ஹா’வைப் பின்னோக்கி நடத்தினால் ‘பெர்க்’ என்ற ஒலியுள்ள ஒரு மூலச்சொல்லில் போய் நிற்கும். அதன் பொருள் பைன் அன்று, ஓக் மரம். ஓக் மரத்தின் இலத்தீன் பெயரான ‘குவெர்குஸ்’ அதே மூலத்தின் பிள்ளை. ஐந்தைக் குறித்த ‘பென்கெ’ என்ற மூலச்சொல்லின் முதலெழுத்து இலத்தீனில் ‘குயின்குவே’ என்று மாறியது போலவே இங்கும் மாறியது. கெல்ட் இனத்தவர் தம் மொழியில் ‘ப’கரத்தை அறவே இழந்தவர்கள். அவர்களுடைய வாயில் அதே மூலம் ‘ஹெர்சீனியா’ ஆயிற்று. சீசர் அறுபது நாள் நடந்தாலும் முடியாது என்று எழுதினாரே, அதே காடுதான். லித்துவேனியரின் இடிக்கடவுளான பெர்கூனாஸின் பெயரும் இதோடு சேர்ந்தது என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். உயர்ந்த ஓக் மரத்தின் மேல்தானே இடி விழும்!

எந்த அணி சரி? நான் மொழியியலாளன் அல்லன். ஆயினும் இரு தரப்பு வாக்குமூலங்களையும் கேட்டு எழுதிப் பழகியவன் என்ற முறையில் சில சான்றுகளை எடைபோட முடியும்.

ஜேர்மானியத் தரப்புக்கு எதிரான மிகப் பெரிய சான்று ஆர்டென் மலையேதான். இன்று அங்கே செல்பவர் ஊசியிலை மரங்களை வரிசை வரிசையாகக் காண்பார். ஆனால் அவற்றுட் பெரும்பாலானவை பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அதன் பின்னரும் நட்டு வளர்க்கப்பட்டவை. சிகிபேர்ட் அரசன் காலத்து ஆர்டென், பீச் மரமும் ஓக் மரமும் நிறைந்தது. பைன் மரத்தின் பெயரால் அதனை யார் அழைத்திருப்பார்கள்? அந்த மூலச்சொல் ஒருகாலத்தில் ஓக் மரத்தைக் குறித்ததே என்று பதில் சொல்லலாம். ஆனால் அது அரசன் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுகளேனும் முந்திய கதை. சாட்சி அவ்வளவு தொலைவிலிருந்து வந்தால் நீதிபதி நம்பமாட்டார்.

இலத்தீன் தரப்புக்கும் ஓர் இடர்ப்பாடு உண்டு. சொல் இலத்தீன் மண்ணில் இயல்பாக முளைத்ததென்றால் இத்தாலியிலல்லவா முதலில் தென்பட வேண்டும்? அதே காலத்தில் இத்தாலியை ஆண்டவர்கள் லொம்பார்டுகள் என்ற மற்றொரு ஜேர்மானியக் குலத்தவர். 643இல் அவர்களுடைய அரசன் ரொதாரி வெளியிட்ட சட்டக்கோவையில் அரசனுக்கு ஒதுக்கப்பட்ட காட்டைக் குறிக்க வேறொரு ஜேர்மானியச் சொல் இருக்கிறது: ‘கஹாகியும்’, அதாவது வேலியிடப்பட்டது. காட்டைக் குறித்த அவர்களது இன்னொரு சொல்லான ‘குவால்டோ’, ஜேர்மனின் ‘வால்ட்’ என்பதன் திரிபு; இத்தாலியில் ஊர்ப்பெயர்களாக இன்றும் வாழ்கிறது. ‘ஃபொரெஸ்டிஸ்’ பிறந்தது பிராங்குகளின் நாட்டில். தன் குலத்தாரின் ஜேர்மானிய மொழி எந்நேரமும் காதில் விழுந்துகொண்டிருந்த அரசவையில் அது எழுதப்பட்டது.

ஆகவே என் சாய்வு இதுதான். சொல்லின் உடல் இலத்தீனாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆங்கில அகராதிகள் பலவும் அந்தப் பக்கமே சாய்கின்றன. ஆனால் அச்சொல்லுக்குள் இருக்கும் பொருள், அதாவது ‘இந்த நிலமும் இதில் ஓடும் விலங்கும் என்னுடையவை, என் ஆணையின்றி எவனும் நுழையலாகாது’ என்ற விதி, பிராங்கிய மன்னர்களின் ஆக்கம். அந்த வகையில் ஃபொரெஸ்டின் பிறப்பிடம் ஜேர்மானியம்தான்.

ஜேர்மனியர் இன்றும் இவ்விரண்டையும் பிரித்தே பேசுகிறார்கள். மரங்கள் தாமாக வளர்ந்து நிற்பது ‘வால்ட்’. கணக்கெடுத்து, எல்லையிட்டு, ஓர் அதிகாரியின் கீழ் நிருவகிக்கப்படுவது ‘ஃபொர்ஸ்ட்’. கருங்காடு எனப்படும் மலைத்தொடர் அவர்களுக்கு ‘ஷ்வார்ஸ்வால்ட்’. இந்த ‘வால்ட்’ ஆங்கிலத்துக்கும் சென்றது. அங்கே அதற்கு நேர்ந்த கதி வேடிக்கையானது. இங்கிலாந்தின் தென்கிழக்கில் ‘வீல்ட்’ என்றும், நடுப்பகுதியிலும் வடகிழக்கிலும் ‘வோல்ட்’ என்றும் திரிந்தது. கொட்ஸ்வோல்ட்ஸ், யோர்க்‌ஷயர் வோல்ட்ஸ் என்பன இன்று ஆடு மேயும் வெட்டவெளிக் குன்றுகள். மரங்கள் வெட்டப்பட்டுப் பல நூற்றாண்டுகளான பின்பும் காட்டின் பெயர் மட்டும் அங்கே எஞ்சி நிற்கிறது. நான் மொழிபெயர்த்த ஸ்கொட்லாந்து ஃபொரெஸ்டின் கதையோ வேறு. மரம் இருந்து அழிந்ததனால் அல்ல, மரம் வேண்டும் என்று அச்சொல் என்றுமே கேட்டதில்லை என்பதனால் அது மொட்டையாக நின்றது. வேட்டைக்காக மான்களுக்கு ஒதுக்கிய நிலம், அவ்வளவே அதன் பொருள்.

ஆங்கிலத்துக்கு அச்சொல் 1066இல் நோர்மன் படையெடுப்போடு கப்பலேறி வந்தது. அதற்கு முன் அங்கிருந்த மக்கள் காட்டை ‘வுடு’ என்றார்கள்; இன்றைய ‘வூட்’. வெற்றி வீரன் வில்லியம் ஹம்ப்ஷயரில் பரந்த நிலமொன்றைத் தன் வேட்டைக்கு ஒதுக்கினான். 1086இல் நாடெங்கும் நடத்தப்பட்ட நிலக் கணக்கெடுப்பான டூம்ஸ்டே ஏட்டில் அது ‘புதிய ஃபொரெஸ்ட்’ என்று பதியப்பட்டது. இன்றும் அதன் பெயர் நியூ ஃபொரெஸ்ட். காடு எப்படிப் புதிதாகும் என்று இனி நீங்கள் கேட்கமாட்டீர்கள். மரம் பழையது, தடை புதியது. வில்லியம் ஊர்களையும் ஆலயங்களையும் அழித்து அதனை உண்டாக்கினான் என்று பின்வந்த துறவியர் எழுதி வைத்தார்கள். அந்த மண் வளமற்றது, அவ்வளவு ஊர்கள் அங்கு இருந்திருக்க முடியாது என்று பிற்கால வரலாற்றாசிரியர்கள் கணக்கைக் குறைத்தார்கள். ஆனால் மானைக் கொன்றவனின் கண்கள் பறிக்கப்பட வேண்டும் என்று அவன் விதித்ததை அக்கால ஆங்கிலக் குறிப்பேடே பதிந்திருக்கிறது. 1100ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் திகதி அவனுடைய மகனான இரண்டாம் வில்லியம் மன்னன் அதே நியூ ஃபொரெஸ்டில் வேட்டையின்போது அம்பு தைத்து மாண்டான். மக்கள் அதைத் தெய்வத் தண்டனை என்று பேசிக்கொண்டதில் வியப்பில்லை.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் ‘அஃபொரெஸ்ட்’ என்று ஒரு வினைச்சொல் இருந்தது. இன்று அதற்கு மரம் நட்டுக் காடு வளர்த்தல் என்று பொருள். அன்று ஒரு மரமும் நடாமல், ஓர் ஆணையினால் ஊரையும் வயலையும் ஃபொரெஸ்ட் ஆக்குவது என்று பொருள். இரவில் கமக்காரனாகப் படுத்தவன் காலையில் காட்டுச் சட்டத்தின் கீழ் எழும்பினான். தன் நிலத்தில் நின்ற மரத்தைத் தான் வெட்ட முடியாது. தன் பயிரை மேயும் மானை விரட்ட முடியாது. நாய் வளர்த்தால் அது மானைத் துரத்தாதிருக்க அதன் முன்காலின் மூன்று நகங்களைத் தறித்துவிட வேண்டும். தறிக்காவிட்டால் மூன்று ஷில்லிங் தண்டம். எசெக்ஸ் மாவட்டம் ஏறத்தாழ முழுவதுமே ஒரு காலத்தில் இச்சட்டத்தின் கீழ் இருந்தது.

இரண்டாம் ஹென்றியின் பொருளாளரான ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் 1170களின் இறுதியில் எழுதிய நூலில் இதனை ஒளிவு மறைவின்றிச் சொல்லியிருக்கிறார். ஃபொரெஸ்டின் சட்டம் நாட்டின் பொதுச் சட்டத்திலிருந்து வருவதன்று. அரசனின் விருப்பத்திலிருந்து வருவது. ஆகவே அதன்படி செய்யப்படுவதை முற்றிலும் நியாயம் என்று சொல்லாமல், ஃபொரெஸ்ட் சட்டப்படி நியாயம் என்றே சொல்ல வேண்டும் என்பது அவருடைய விளக்கம். அரசனின் அதிகாரியே எழுதியது என்பதால் இதன் மதிப்புக் கூடுகிறது. சொல்லின் பிறப்புக்கும் அவர் ஒரு விளக்கம் வைத்திருந்தார். ‘ஃபேரா’ என்றால் காட்டு விலங்கு. விலங்குகளின் உறைவிடம் ‘ஃபெரெஸ்தா’. முதலெழுத்தின் உயிர் மாறி ‘ஃபொரெஸ்தா’ ஆயிற்றாம். நம்மூர்ப் புராண வித்துவான்களின் சொல்லாராய்ச்சியை நினைவூட்டும் இந்த விளக்கத்தை மொழியியல் எப்போதோ தள்ளிவிட்டது. எனினும் பல நூற்றாண்டுகளுக்குச் சட்டப் புத்தகங்கள் இதையே ஒப்புவித்தன.

1215இன் மாக்னா கார்ட்டாவை அறியாதார் இல்லை. அதற்குத் துணையாக 1217 நவம்பர் 6ஆம் திகதி வெளியான ஃபொரெஸ்ட் சாசனத்தை அறிந்தவர் குறைவு. அப்போது மன்னன் மூன்றாம் ஹென்றிக்குப் பத்து வயது; அவன் பெயரில் நாட்டை நடத்தியவர் வில்லியம் மார்ஷல். ‘மாக்னா’, அதாவது ‘பெரிய’ என்ற அடைமொழியே, இந்தச் சிறிய சாசனத்திலிருந்து அதனைப் பிரித்துக் காட்டுவதற்காகத்தான் ஏற்பட்டது. முந்திய மன்னர்கள் மற்றவர்களின் நிலத்தில் புதிதாகச் சேர்த்துக்கொண்ட ஃபொரெஸ்டுகளை விடுவிக்க வேண்டும். மானுக்காக எவனும் இனி உயிரையோ உறுப்பையோ இழக்கலாகாது. தண்டம் கட்டட்டும், கட்ட வழியில்லாதவன் ஓராண்டும் ஒரு நாளும் சிறையிருக்கட்டும். சுதந்திர மனிதன் தன் நிலத்தில் குளம் வெட்டலாம், ஆலை அமைக்கலாம். தன் காட்டில் கிடைக்கும் தேனைத் தானே எடுத்துக்கொள்ளலாம். வன்னியில் தேன் வெட்டப் போகிறவர்களை அறிந்த எனக்கு, அந்தக் கடைசி உரிமைக்கும் ஓர் அரச சாசனம் தேவைப்பட்டது என்பதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் இருக்கத் தோன்றிற்று. அந்தச் சாசனத்தின் எஞ்சிய பகுதிகள் 1971இல் தான் ஏட்டிலிருந்து நீக்கப்பட்டன. இடையில் 1630களில் முதலாம் சார்ள்ஸ் பணமுடையால் பழைய ஃபொரெஸ்ட் எல்லைகளைத் தூசு தட்டி எடுத்து, நான்கு நூற்றாண்டுகளுக்கு முந்திய கணக்கில் நில உடைமையாளர்களிடம் தண்டம் கறந்ததும், 1641இல் பாராளுமன்றம் சட்டமியற்றி அதனை நிறுத்தியதும் நடந்தன.

இங்கிலாந்தில் இவ்வாறு பல்லிழந்த சொல்லுக்குக் கடல் கடந்த நாடுகளில் புதிய பற்கள் முளைத்தன. இலங்கையில் பிரித்தானியர் 1840இல் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். எல்லாக் காடுகளும், தரிசு நிலங்களும், குடியில்லாத, பயிரிடப்படாத நிலங்களும் மறுதலையாக நிரூபிக்கப்படும் வரை முடிக்குரியவை என்று கொள்ளப்படும் என்றது அச்சட்டம். தனதென்று நிரூபிக்க வேண்டியவன் கிராமத்தவன். அவனிடம் உறுதி இருக்கவில்லை. பாட்டன் பூட்டன் சேனை வெட்டிய நினைவுதான் இருந்தது. அவ்வாறு முடிக்குரியதான மலைநிலத்தின் பெரும்பகுதி ஏக்கர் ஐந்து ஷில்லிங்கிலிருந்து கோப்பித் தோட்டத் துரைமாருக்கு விற்கப்பட்டது. அத்தோட்டங்களில் உழைக்கத் தமிழகத்திலிருந்து மக்கள் நடந்து வந்த வரலாற்றை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

இந்தியாவில் 1864இல் காடுகளின் முதல் தலைமை அதிகாரியாக நியமிக்கப்பட்டவர் டீட்ரிச் பிராண்டிஸ். பொன் நகரத்து ஜேர்மனியர். அவருக்குப் பின் அப்பதவிக்கு வந்த ஷ்லிஹ், ரிப்பென்ட்ரொப் ஆகிய இருவரும் ஜேர்மனியரே. ‘ஃபொர்ஸ்ட்’ நிருவாகத்தை ஒரு விஞ்ஞானமாகவே வளர்த்தவர்கள் ஜேர்மனியர் என்பதால் பிரித்தானியர் அவர்களைத் தேடிப் பிடித்தார்கள். பிராங்கிய அரசவையில் பிறந்த சொல், ஆயிரத்து இருநூறு ஆண்டுகளின் பின் ஜேர்மனியரின் கையால் தேக்கங்காடுகளில் எல்லைக்கல்லாக நடப்பட்டது.

இலங்கையின் 1907ஆம் ஆண்டுக் காட்டுக் கட்டளைச்சட்டத்தின் பொருள்கோடல் பிரிவை நான் முதன்முதலில் வாசித்தது ஓய்வுபெற்ற பிறகே. அதில் ‘ஃபொரெஸ்ட்’ என்பதற்குக் கொடுக்கப்பட்ட வரைவிலக்கணம், முடியின் அதிகாரத்தின் கீழுள்ள எல்லா நிலமும் என்பதாகும். மரம் என்ற சொல்லே அந்த வரைவிலக்கணத்தில் இல்லை! எழுபதுகளில் அகராதியைப் புரட்டிய நான் இந்தச் சட்டப் புத்தகத்தைப் புரட்டியிருந்தால் ஸ்கொட்லாந்து விவகாரத்தில் தப்பியிருப்பேன்.

இதற்கு நேர்மாறான ஒரு தீர்மானம் 1996 டிசம்பர் 12இல் இந்திய உச்ச நீதிமன்றத்திலிருந்து வந்தது. நீலகிரி மாவட்டத்துக் கூடலூரில் மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்துத் தொடங்கிய கோதவர்மன் திருமுல்பாட் வழக்கில், சட்டத்தில் வரும் ‘ஃபொரெஸ்ட்’ என்ற சொல்லை அதன் அகராதிப் பொருளிலேயே கொள்ள வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. யாருடைய நிலம் என்பது பொருட்டன்று. காடாக இருந்தால் காடு. அந்தத் தீர்மானம் பெருமளவு மரங்களைக் காப்பாற்றியது என்பதை மறுக்க முடியாது. காடு காக்கப்பட வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தில்லை. என் விசாரணை சொல்லைப் பற்றியது.

2009 மே மாதத்தில் போர் முடிந்து சில ஆண்டுகளின் பின் முல்லைத்தீவு மாவட்டத்துக் கிராமமொன்றுக்குப் போயிருந்தேன். எண்பதுகளில் இடம்பெயர்ந்து, பல முகாம்களில் வாழ்ந்து திரும்பியிருந்த முதியவர் ஒருவர் என்னை ஒரு பற்றைக்காட்டுக்குள் அழைத்துச் சென்றார். விடத்தல் முள் சட்டையைக் கிழித்தது. ஓரிடத்தில் நின்று காலால் சருகைத் தள்ளினார்; வயல் வரம்பு தெரிந்தது. சற்றுத் தள்ளி, கட்டு இடிந்த கிணறு. அதற்கும் அப்பால் புதிதாக நடப்பட்ட எல்லைக்கல். அவருடைய கையிலே ஐம்பதுகளில் தகப்பனுக்குக் கொடுக்கப்பட்ட காணி அனுமதிப்பத்திரத்தின் மஞ்சளித்த பிரதி இருந்தது.

“இது காடு எண்டு சொல்லுகினம் தம்பி” என்றார். “நாங்கள் இல்லாத முப்பது வருசத்திலை முளைச்ச காடு.”

அவருக்கு அந்தக் காணி திரும்பக் கிடைத்ததா என்று அடுத்த முறை போனபோது விசாரித்தேன். அலுவல் நடந்துகொண்டிருக்கிறது என்றார்கள். அதற்கடுத்த முறை அவர் இருக்கவில்லை. அவருடைய மகன் அதே பத்திரத்தோடு அலைந்துகொண்டிருந்தார்.

வன்னியால் திரும்பிய இரவில்தான் அந்த வைத்தியரின் கடிதம் மறுபடி நினைவுக்கு வந்தது. அவரும் இன்று இல்லை, என் செய்தி ஆசிரியரும் இல்லை, நான் பணியாற்றிய அந்தப் பத்திரிகையும் இல்லை. பிரசுரமாகாமற் போன திருத்தத்தை இங்கேயாவது பதிந்துவிடுகிறேன்:

திருத்தம் – ஸ்கொட்லாந்து மலைநாட்டு நில விற்பனை பற்றிய எமது செய்தியில் ‘மான்கள் உலவும் அடர்ந்த கானகம்’ என்றிருப்பதை, ‘மான் வேட்டைக்கென ஒதுக்கப்பட்ட மரமற்ற மலைநிலம்’ எனத் திருத்தி வாசிக்கவும். தவறுக்கு வருந்துகிறோம்.